கூடையோடு போன படகு

எபனேசர் நகருக்கு வருடத்தில் பத்து மாதம் எந்த விசேஷமும் கிடையாது. முடிச்சூரைத் தாண்டி அடையாற்றுப் பக்கம் போட்ட லே-அவுட். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். எந்த ஊர் நிமிஷம் என்று யாரும் கேட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை வலுத்துப் பிடித்துக்கொண்டால் மட்டும் அது உலகத்தை விட்டே ஒதுங்கிய ஆற்றூர் ஆகிவிடும். ஆற்றைத் தேடிப் போய்க் குடியேறிய ஜனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ஆறு தானாகக் கிளம்பி வந்து ஜனங்களோடு குடியேறும்.

அந்த நாட்களில் நகரின் வியாபாரமே வேறு. மாடி வீட்டுக்காரர்கள் ஜமீன்தார்கள். தண்ணீர் மோட்டார் தகராறில் வருடம் முழுக்க அவர்களிடம் முகம் கொடுக்காத கீழ் வீட்டுக்காரர்கள், தலையில் அரிசி மூட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு படியேறுவார்கள். கார்கள் மேம்பாலத்துக்கு மேல் போய் நிற்கும். பால் பாக்கெட் அண்டாவில் மிதந்து வரும். டவர் போனதும் ஜிபே போய்விடும். அப்புறம் மெழுகுவத்திக்குத் தக்காளி, தக்காளிக்கு போன் சார்ஜ் என்று கொடுக்கல் வாங்கல் நடக்கும். கோவளத்திலிருந்து மீன்பிடிப் படகுகள் லாரியில் ஏறி வந்து ரேஷன் கடை எதிரில் இறங்கும். இதற்கெல்லாம் இங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. தண்ணீர் வடிந்த மறு மாதமே பிளாட் விலை ஏறும், அதற்குத்தான் கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள்.

அப்படிப்பட்ட மழையில்தான் அந்த வருடம் அறுப்பின் பண்டிகை வந்தது. நல்மேய்ப்பர் ஆலயத்தின் சபையில் அறுக்கிறவர் என்று யாரும் இல்லை. ஸ்கூல், எல்.ஐ.சி., கம்ப்யூட்டர் கம்பெனி என்று பிழைக்கிறவர்கள். தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்தவரே பெரிய விவசாயி. ஆனாலும் பண்டிகை என்றால் பண்டிகைதான். கோயம்பேட்டில் வாங்கின வாழைத்தாரும் பரங்கிக்காயும், கோழியும் கேக்கும் ஆலயத்துக்கு வந்துவிடும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இங்கே கௌரவம்.

ஏலம் கூறுகிறவர் சுந்தர்சிங். ரயில்வேயில் கழிவு இரும்பு ஏலம் விடுகிற பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். இருபது வருடமாக ஆலயத்தில் ஏலத்துக்கு அடிக்கிற ரூல்தடி அவர் கையில்தான். மனுஷன் தடியைப் பிடித்துவிட்டால் அண்ணன் தம்பி பார்க்க மாட்டார். மூன்று தரத்துக்கும் நடுவில் விடுகிற மூச்சு, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. அடித்தது அடித்ததுதான், திரும்ப எடுக்கிற பேச்சே கிடையாது.

இந்த நியாயத்தால் அடிபட்டவள் அவர் மனைவி ரத்தினபாய். அவளுடைய அம்மா பாதி பின்னிவிட்டு இறந்துபோன மேஜை விரிப்பு ஒன்றை மீதி பின்னி முடித்து, ஒரு வருடம் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்தாள். தானே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று கணக்கு. பலரும் அப்படிச் செய்வதுதான். கேட்கிற நேரம் பார்த்து அவள் பர்ஸ் ஜிப் மாட்டிக்கொண்டது. அவள் ஜிப்போடு மல்லுக்கட்டுவதை சுந்தர்சிங் பார்த்தார். பார்த்துக்கொண்டே அதே மூச்சு அளவில் மூன்று தரமும் சொல்லித் தடியை அடித்தார். விரிப்பு, அதே சபையில் எதற்கும் கூட்டிக் கேட்கிற ஞானாம்பாள் டீச்சருக்குப் போயிற்று. இன்றைக்கும் அந்த அம்மாள் வீட்டு டி.வி. மேல்தான் கிடக்கிறது. ரத்தினபாய் அன்றிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்காட்டுவாள்: "ஊருக்கெல்லாம் நியாயம்."

பண்டிகையன்று காலையும் அதைத்தான் சொன்னாள். தெருவில் அப்போது கணுக்கால் அளவுத் தண்ணீர். "வானம் இருக்கிற லட்சணத்துல இன்னைக்கு ஏலம் கேக்குதா உங்களுக்கு? எனக்கு வேற நேத்துலருந்து வீசிங்."

"நான் போகலைன்னா தடியை யாரு பிடிப்பா?" என்றார் சுந்தர்சிங்.

"போங்க. போய் ஊருக்கெல்லாம் நியாயம் பண்ணிட்டு வாங்க."

அவர் அந்தப் பக்கம் போன ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போனார். ஆராதனை நடக்கும்போதே எங்கோ ஏரி உடைத்துக்கொண்டது. பிரசங்கம் முடிந்து கண்ணைத் திறந்தால் ஆலயத்தைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். மேட்டில் கட்டின கட்டடம் என்பதால் உள்ளே வரவில்லை. அந்த மேட்டுக்கு மண் அடித்த பழைய ஆயரை, பணத்தைக் கொட்டுகிறார் என்று கமிட்டியில் அன்றைக்குத் திட்டாதவர்கள் இல்லை.

சுந்தர்சிங்கின் போன் அடித்தது. "என்னங்க, ஹாலுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கட்டில் மிதக்குது. நான் மொட்டை மாடிக்கு வந்துட்டேன், சின்டெக்ஸ் டேங்க் பக்கத்துல குடை பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். இன்ஹேலரை ஃப்ரிட்ஜ் மேல வச்சேன், இப்ப அந்த ஃப்ரிட்ஜைக் காணோம்..." நடுநடுவே அவள் நெஞ்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அதோடு டவர் போய்விட்டது.

நல்லவேளை, வாசலில் ஒரு படகு நின்றது. கோவளத்துக் கோதண்டமும் அவன் மனைவி பாப்பாவும் கொண்டு வந்த ஃபைபர் படகு, 'கங்கையம்மன் துணை' என்று மூக்கில் எழுதியது. பக்கத்துத் தெருக் கிழவர்கள் ஏழெட்டுப் பேரைக் கொண்டு வந்து அப்போதுதான் ஆலயத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். சுந்தர்சிங் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"இஞ்சின் விசிறில குப்பையா சுத்திக்கினு கீது சார்" என்றான் கோதண்டம். "கடல்ல இந்த பேஜாரே கெடையாது. உங்க தெருவுல தண்ணிய விட பிளாஸ்டிக்குதான் ஜாஸ்தி. இஞ்சினக் கயட்டித் தொடச்சி மாட்டிடறேன். அரை அவர். அம்மாவ பத்திரமா இட்டாந்துடலாம்."

படகைப் போர்ட்டிகோ சரிவில் இழுத்துப் போட்டுவிட்டு, இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பின்பக்கத்து சண்டே ஸ்கூல் அறைக்குப் போனார்கள்.

அந்த அரை மணியில்தான் எல்லாம் நடந்தது. ஆலயத்துக்குள் நூறு பேர் பசியோடு இருந்தார்கள். சுற்றிலும் சாப்பாடு. ஆனால் காணிக்கைப் பொருள், ஏலம் போகாமல் ஒரு வாழைப்பழத்தைக்கூடத் தொடக் கூடாது. ஆயர் வந்து, "அண்ணாச்சி, ஏலத்தை ஆரம்பிச்சுருங்களேன், பிள்ளைங்க கேக்கையே பார்த்துட்டு நிக்குது" என்றார். சுந்தர்சிங்குக்குச் சும்மா நிற்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தார். பண்டிகைக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்து ஹார்ன் ஸ்பீக்கர் நாலு திசைக்கும் ஏலத்தை ஒலிபரப்பியது. மற்ற வருடங்களில் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன் போடுவார்கள். இன்றைக்கு மொட்டை மாடிகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு என்ன வேலை?

எல்லோரும் எடுக்க எடுக்கத் தின்றார்கள். ஒரு பைனாப்பிள் கேக் ஐந்தாயிரத்துக்குப் போய், அங்கேயே நூறு துண்டானது. உள்ளே இருந்தது தீர்ந்ததும், போர்ட்டிகோவில் இருப்பதுதான் பாக்கி. அங்கே கூரை ஒழுகுகிறது என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கோழி, தேங்காய், வாழைத்தார் எல்லாவற்றையும் கோதண்டத்தின் படகுக்குள் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சுந்தர்சிங்கின் மனசு சின்டெக்ஸ் டேங்க் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு கோழியாகக் கூவிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. ரயில்வேயில் முப்பது வருடம் சொன்ன வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"போர்ட்டிகோவில் கிடப்பது மொத்தமும் ஒரே லாட். உள்ளது உள்ளபடி, இருக்கிறது இருக்கிற இடத்தில்!"

ஃபிரெடி கை தூக்கினான். கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை போட்டு விற்கிறவன். விரலுக்கு விரல் மோதிரம், ஆனால் மனசில் வஞ்சகம் கிடையாது. மொத்தமாக எடுத்தால் மொத்தமாகப் பேர் வருமே! ஞானாம்பாள் டீச்சர் அவனை நாலு தடவை ஏற்றிவிட்டார். கடைசியில் அவன் சொன்ன தொகைக்கு மேல் யாரும் போகவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். தடி விழுந்தது.

கோதண்டம் இஞ்சினோடு திரும்பி வந்தபோது, ஃபிரெடி படகில் கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், என் போட்டுல குந்திக்கினு?"

"அண்ணே, இப்ப இது என் போட்டு!" என்று சிரித்தான் ஃபிரெடி. "போர்ட்டிகோவுல இருக்கிறதெல்லாம் எனக்குத்தான். உள்ளது உள்ளபடின்னு அண்ணாச்சியே அடிச்சாரு!"

வேடிக்கைக்குத்தான் சொன்னான். கோதண்டம் சிரிக்கவில்லை. இஞ்சினை மெதுவாகக் கீழே வைத்தான். "மூணு தரமும் சொன்னாங்களா?"

"சொன்னாங்களே."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

சுந்தர்சிங் வெளியே வந்தார். "என்னப்பா உட்கார்ந்துட்ட? கிளம்பு, கிளம்பு."

"என்னாண்ட போட்டு இல்ல சார். வித்துட்டீங்க."

விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, நான் ஏலம் விட்டது கோழியையும் தேங்காயையும்! படகு உன்னுது!"

"கரைல மீன ஏலம் வுட்டா கூடையோடதான் சார் போவும். கூட எனக்குன்னு முன்னாடியே சொல்லிடணும். நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ரயில்வேயிலும் அதுதான் சட்டம். இரும்போடு சேர்ந்து கிடந்த மரப்பெட்டி தங்களுடையது என்று கேட்டு வந்தவர்களை எத்தனை தடவை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்!

"சரி, தப்பு என்னுது. ஏலம் கேன்சல்" என்றார். இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. பக்கத்தில் நின்ற ஆயரே ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் சார். மூணு தரம் சொல்லிட்டு இல்லேன்றதா? அதுவும் சாமி எடத்துல? எங்க மாமன் மவன் ஒருத்தன் அப்படி பேச்சு மாறினான். இன்னிக்கி வரைக்கும் அவன் கூடையாண்ட ஒரு நாய் நிக்காது. நாளைக்கு கடலுக்குப் போறது நானு சார், நீங்க இல்ல."

"யோவ், சும்மாவே எடுத்துக்கோய்யா!" என்றான் ஃபிரெடி, நிலைமை தெரிந்து பதறிப்போய்.

"ஓசில போட்டு வாங்குனவன்னு கரைல சொல்லுவானுங்க. வித்த போட்ட வித்தவன் தொடறதும் இல்ல சார்." சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. பத்து வருடமாகக் கடன் கட்டி மீட்ட படகு. அதைத் தடவிப் பார்க்கக்கூடக் கை நீட்டவில்லை.

ஃபிரெடி தானே ஓட்டுகிறேன் என்று இஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்தான். படகு ஒரு சுற்றுச் சுற்றி, ஆலயத்துக் காம்பவுண்டை இடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. இரண்டு கோழிகள் நீந்திப் போயின.

பாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. கோவளம் கரையில் தினமும் விடிகாலை மீன் ஏலம் விடுகிறவள் அவள். "அறிவு கெட்டதுங்களா, அங்க ஒரு பொம்பள மழைல நனஞ்சிக்கினு கீது, நீங்க இங்க ஞாயம் பேசிக்கினு கீறீங்க! மோதரக்கார சார், அந்த போட்ட திரும்ப உங்க சாமிக்கே குட்த்துடு. சாமி திரும்ப ஏலத்துல வுடட்டும். என் வூட்டுக்காரரு ஒரு ரூபாக்கு கேப்பாரு. யாரும் வாயத் தொறக்காதீங்க. முடிஞ்சிச்சா?"

மறு ஏலம் என்பது சபையிலும் பழைய வழக்கம்தான். எடுத்ததைத் திரும்பக் கொடுத்தால் இன்னும் பெரிய பேர். ஃபிரெடி முகம் மலர்ந்தான். கோதண்டம் யோசித்துப் பார்த்து, "அது சரிதான். அதுல தப்பு இல்ல" என்று எழுந்தான்.

சுந்தர்சிங் மைக்குக்கு ஓடினார். சொந்த விஷயத்தை மைக்கில் பேசக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அந்த நேரத்திலும், பாருங்கள், அதை மீற அவருக்கு வாய் வரவில்லை. "அவசரம். படகு மறு ஏலம். தயவுசெய்து யாரும் கூட்டிக் கேட்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"ஒரு ரூபா" என்றான் கோதண்டம்.

சபை வாயை மூடிக்கொண்டது. சுந்தர்சிங் தடியை ஓங்கினார். ஒரு தரம்.

"நூறு!" என்றார் ஞானாம்பாள் டீச்சர்.

நூறு தலை திரும்பியது. "என்ன பார்க்கிறீங்க?" என்றார் டீச்சர். "கர்த்தருக்குக் கொடுத்த பொருள் ஒரு ரூபாய்க்குப் போறதா? போன வருஷம் ஒரு முருங்கைக்காயே இருநூறுக்குப் போச்சு!"

டீச்சர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடப் பழக்கம், தடி ஓங்கினால் வாய் திறந்துவிடும். கோதண்டத்துக்கு ரோஷம் வந்தது. "நூத்தம்பது" என்றான். பாப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். டீச்சர், "முந்நூறு" என்றார். கோதண்டம் சட்டைப் பையைத் துழாவி, நனைந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "நானூறு" என்றான். அதற்கு மேல் அவனிடம் இல்லை என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

சுந்தர்சிங்குக்கு ரத்தினத்தின் நெஞ்சு இழுக்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. டீச்சர் வாயைத் திறப்பதைப் பார்த்தார்.

"ஐந்..." என்று டீச்சர் ஆரம்பித்து, "...நூறு!" என்று முடித்தபோது, இங்கே, "ஒருதரம்ரெண்டுதரம்" ஆகிவிட்டிருந்தது. "மூணுதரம்!" தடி இரண்டாக உடைந்தது.

"நான் ஐந்நூறு சொன்னேன்! மூணாவது தரத்துக்கு முன்னாடியே சொன்னேன்!" டீச்சர் எழுந்து நின்றார்.

"காதுல விழல டீச்சர்."

மைக் எதிரிலேயே நின்று, ஆலயத்துக்குள், பண்டிகை நாளில், பச்சைப் பொய். அவர் காது சிவந்துபோயிற்று. கோதண்டம் அவர் கிட்டே வந்தான். "மெய்யாலுமே காதுல வுழலயா சார்?"

"விழல."

அவன் அவருடைய சிவந்த காதைப் பார்த்தான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போனான்.

இதற்குள் ஆயர் டீச்சரிடம் காதோடு விஷயத்தைச் சொல்லியிருந்தார். படகு கிளம்பும்போது டீச்சர் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி வந்து, தன் வீசிங்குக்குக் கைப்பையில் வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து சுந்தர்சிங்கிடம் திணித்தார். "ரத்தினத்துக்கு முதல்ல இதைக் கொடு. ஆனா ஐந்நூறை நான் விட மாட்டேன். கமிட்டியில கேப்பேன்."

படகு மெயின் ரோட்டைத் தாண்டியது. கம்பம் பார்த்து, காம்பவுண்டு பார்த்துக் கோதண்டம் ஓட்டினான். மளிகைக் கடைக்காரர் முதல் மாடி ஜன்னலிலிருந்து பக்கெட்டில் கயிறு கட்டி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். மொட்டை மாடிகளில் இருந்தவர்கள் கை ஆட்டி, "படகு என்ன ரேட்டுக்குப் போச்சு?" என்று கேட்டார்கள். சுந்தர்சிங் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உடைந்த தடியின் பாதி இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ரத்தினம் இருக்கணும், ரத்தினம் இருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் தெரு முனையில் கேபிள் ஒயர் தொங்கியதால் கோதண்டம் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளினான்.

ரத்தினபாய் டேங்க் பக்கத்தில் குடையோடு இருந்தாள். குடையில் கம்பிதான் மிச்சம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாப்பா படிக்கட்டில் ஏறிப்போய் அவளைக் குழந்தை மாதிரி இடுப்பில் தாங்கிக் கொண்டு வந்து இறக்கினாள். இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாவது தடவை இழுத்ததும் பேச்சு வந்தது.

"இது ஞானாம்பாள் டீச்சரோடது இல்ல?"

"ஆமா."

"அவங்க ஐந்நூறுன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு." அவள் ஆலயத்துக் கோபுரத்து ஸ்பீக்கரைக் காட்டினாள். "மைக்குக்குப் பக்கத்துல நின்ன உங்களுக்குக் கேக்கலையாக்கும்?"

கோதண்டம் தள்ளிக்கொண்டிருந்த கழி நின்றது. பாப்பா புருஷனைப் பார்த்தாள். சுந்தர்சிங்குக்குத் தெரியும், இந்த ஆள் படகை விட்டு இறங்கினாலும் இறங்கிவிடுவான். இன்னொரு பொய் சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரத்தினத்தின் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல முடியவில்லை.

"கேட்டுச்சு ரத்தினம்" என்றார். "நல்லாவே கேட்டுச்சு."

அவள் அழுகையும் சிரிப்புமாக, ஈரக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு என் பர்ஸ் ஜிப் மாட்டிக்கிட்டப்போ இந்தச் செவிடு வந்திருக்கக் கூடாதா உங்களுக்கு?"

சுந்தர்சிங் பயத்தோடு கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவன் கழியை உள்ளே போட்டுவிட்டு, மூக்கிலிருந்த 'கங்கையம்மன் துணை' பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான்.

"இந்த இஞ்சின் சத்தத்துல நீங்க இன்னா பேசிக்கிறீங்கன்னே கேக்கலம்மா" என்றான்.

சொல்லிவிட்டுத்தான் குனிந்து இஞ்சின் கயிற்றை இழுத்தான்.